வலைக்கூடத்தில் படக்கதை

"நான் படக்கதை வாசிச்சா நடுக்கடல்ல வள்ளமெல்லாம் இஞ்சினை அமத்திட்டு நிக்கும், தெரியுமாலே!"

துறைமுக வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தேவபிரசாதம் கூசாமல் அளந்தார். கோடை விடுமுறை முழுக்க, சந்தியாகுவின் வலைக்கூடத்தில்தான் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பழைய படப்புத்தகங்களை வாசித்துக்கொண்டிருந்தார்.

"நல்லா விடுதீரு அண்ணாச்சி," என்றான் சந்தியாகு, கடலுக்குக் கிளம்பியபடி. "இன்னையோட முடிச்சுக்கிடும். நாளைக்குப் புது வலை வருது, இடம் வேணும்."

பிள்ளைகளின் முகம் வாடிப்போனது. அவன் மகள் ஜெனிலா மட்டும் எழுந்து மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தேவபிரசாதம் அன்று நண்டாகவே மாறி, பக்கவாட்டில் நடந்து நடந்து வாசித்தார். நண்டு திமிங்கலத்தின் வயிற்றுக்குள் விழுந்த பக்கத்தில் கரண்டு போனது. வாசல் வெளிச்சத்தில் விடாமல் முடித்தார்.

மாலையில் சந்தியாகு மீன்கூடையைக்கூட இறக்காமல் ஓடிவந்தான்.

"அண்ணாச்சி, அந்த நண்டு வெளிய வந்துச்சா இல்லையா?"

தேவபிரசாதத்துக்கே தூக்கிவாரிப்போட்டது. "உனக்கெப்படிலே தெரியும்?"

ஜெனிலா நாக்கைக் கடித்தாள். "கடைசி நாளாச்சே, அப்பாவும் கேக்கட்டும்னு, மூலையில வள்ளத்தோட பேசுற வயர்லெஸ் இருக்குல்லா, அதோட பட்டனை அமுக்கிப் பிடிச்சிருந்தேன் தாத்தா."

"கரண்டு போனதும் பாதியில நின்னுட்டு!" என்றான் சந்தியாகு. "வலையை வீட்ல போட்டுக்கிடுதேன். நாளைக்கு முதல்ல இருந்து வாசியும். கடல்ல எல்லாரும் கேக்கணும்ங்காவ."

"அப்போ வள்ளமெல்லாம்...?"

சந்தியாகு தலையைச் சொறிந்தான்.

"நின்னுச்சு அண்ணாச்சி. பதினோரு வள்ளம். இஞ்சின் சத்தத்துல கதை கேக்கலைன்னு முதல்ல அமத்துனதே நான்தான்."