பிரதான சாரதி

"மூண்டாவது விபத்து," என்றார் காப்புறுதி முகவர், கணினித் திரையைப் பார்த்தபடி. "போன மாசி மாசம். சிவப்பு விளக்கிலை கார் நிக்கேல்லை. காரணம் எண்டு அண்ணை எழுதிக் குடுத்திருக்கிறது, பக்கத்திலை மனுசி கதைச்சுக்கொண்டு வந்ததிலை கவனம் சிதறிப் போச்சு எண்டு."

அவள் நிமிர்ந்தாள்.

பக்கத்திலிருந்த அவளுடைய கணவன் மேசையிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தான்.

அன்றைக்கு வீட்டிலிருந்து அந்தச் சந்தி வரை அவள் பேசியது ஒரே ஒரு சொல். அதையும் கடைசி நொடியில்தான் சொன்னாள்.

சிவப்பு.

முதல் விபத்துக்குப் பனி காரணம். இரண்டாவதற்கு பஸ். அவன் சொன்னான், அவள் நம்பினாள். மூன்றாவதற்குக் காரணம் தான்தான் என்று கனடாவின் ஸ்காபரோவில், ஒரு கொத்துரொட்டிக் கடைக்கு மேல்மாடியிலிருந்த இந்த முகவரின் அலுவலகத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது.

கோபம் வந்தது. கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பழைய கம்பனி இனி இந்தச் சகவாசம் வேண்டாம் என்று கடிதம் போட்டுவிட்டது. வெள்ளிக்கிழமையோடு காப்புறுதி முடிகிறது. அது இல்லாமல் கார் வாசலைத் தாண்ட முடியாது. காலை ஏழு மணிக்கு அவள் முதியோர் இல்லத்துச் சமையலறையில் நிற்க வேண்டும். அந்தப் பக்கம் போகும் முதல் பஸ் ஆறே முக்காலுக்குத்தான் புறப்படும். அதிலிருந்து இன்னும் இரண்டு மாற வேண்டும்.

கார் இல்லையென்றால் வேலை இல்லை.

ஆபத்தான சாரதிகளையும் ஏற்றுக்கொள்ளும் கம்பனி ஒன்று இருந்தது. அதன் மாதக் கட்டணத்தை முகவர் வாயால் சொல்லவில்லை. கடதாசியில் எழுதி அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

வீட்டு வாடகையில் பாதி.

"மனுசியைப் பிரதான சாரதி எண்டு போடுங்கோ," என்றான் அவன். "நான் எப்பவாவது ஓடுறன் எண்டு எழுதிவிடுங்கோ. எல்லாரும் செய்யிறதுதானே."

"பிடிபட்டால் பிறகு ரெண்டு பேருக்குமே ஒருத்தரும் தரமாட்டினம், அண்ணை. அந்த வேலைக்கு நான் வரமாட்டன்."

முகவர் மேசை லாச்சியை இழுத்து ஒரு படிவத்தை எடுத்தார்.

கார் ஏற்கெனவே அவள் பெயரில்தான் இருந்தது. வாங்கிய வருடம் அவளுடைய சம்பளச் சீட்டை நம்பித்தான் கடன் கொடுத்தார்கள். இனி காப்புறுதியும் அவள் பெயரில் மட்டும். அந்தக் காரை அவன் ஓட்டமாட்டான் என்று இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். மீறி ஓட்டி எங்காவது இடித்தால் கம்பனி ஒரு சதம் தராது. கட்டணம் அவள் சம்பளத்துக்குக் கட்டுபடியாகும்.

"அக்காவின்ரை ரெக்கோட் தங்கம்," என்றார் முகவர். "பதினாலு வருசம். ஒரு கீறல் இல்லை."

கீறல் எங்கிருந்து வரும்? லைசென்ஸ் எடுத்த கிழமை, காரைப் பின்னுக்கு எடுக்கும்போது குப்பைத் தொட்டியைத் தட்டிவிட்டாள். அன்றைக்குச் சாவியை வாங்கித் தன் பொக்கற்றில் போட்டவன்தான் அவன். பதினாலு வருடமாகச் சாவி அங்கேதான் இருக்கிறது.

"ஓட்டம் பழக்கத்திலை இருக்கோ, அக்கா?"

அவன் சிரித்தான்.

"கிழமைக்கு ரெண்டு நாள் ஓடுறன்," என்றாள் அவள். "வேலையிலை சாப்பாட்டு நேரம். கார் பழக்கிற ரீச்சர் ஒராள் தன்ரை காரிலை வருவா. மாசியிலையிருந்து ஓடுறன்."

அவனுடைய சிரிப்பு பாதியில் நின்றது.

முகவர் பிரதி எடுக்க எழுந்து போனார். அவன் அவள் பக்கம் சாய்ந்தான்.

"பேசாமல் கையெழுத்தை வையும். வெறும் கடதாசிதானே. நான் வழமை போல ஓடுவன். ஆர் வந்து பாக்கிறது?"

அவள் கையெழுத்து வைத்தாள். அவசரப்படாமல், முழுப் பெயரும் எழுதி. அவன் வாசிக்காமலே கிறுக்கினான்.

கார் தரிப்பிடத்தில் அவன் கால்கள் பழக்கதோஷத்தில் சாரதியின் கதவுக்குப் போயின. பொக்கற்றிலிருந்து சாவியை எடுத்தான்.

கதவுக்கு முன்னால் அவள் நின்றாள்.

கையை நீட்டினாள். ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் கவனம் சிதறிவிடுமே.

அவன் மேல்மாடி ஜன்னலைப் பார்த்தான். கொத்துரொட்டிக் கடை வாசலில் நின்ற இரண்டு பேரைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் நகர்வதாக இல்லை.

சாவியைக் கொடுத்தான்.

மற்றப் பக்கம் போய் ஏறினான். கால் நீட்ட இடம் போதவில்லை. அந்த இருக்கையைப் பின்னுக்குத் தள்ளும் பிடி எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. முழங்கால்களை ஒடுக்கிக்கொண்டு இருந்தான்.

அவள் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். பெல்ட்டைப் போட்டாள். கார் மெதுவாக வீதிக்கு இறங்கியது.

முதல் சந்தி. தூரத்திலேயே விளக்கு மஞ்சளானது.

அவனுடைய வலது கால் தரையை ஓங்கி அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை.

கார் வேகம் குறைந்து, வெள்ளைக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

சிவப்பு.

குறுக்கே ஒரு பாடசாலை பஸ் போனது. அதன் பின்னால் வரிசையாகக் கார்கள். அவன் தொண்டையைச் செருமினான்.

"ஒண்டு கதைக்கலாமோ?"

அவள் விளக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சிவப்புத்தானே. கதையுங்கோ."

பச்சை விழும்வரை அவன் இருக்கைக்குக் கீழே அந்தப் பிடியைத் தேடிக்கொண்டிருந்தான்.