முன்பக்கக் கேமரா: பத்துக்கு எட்டு

ஆறு மணிக்கு எழுந்தான். மோட்டார் போட்டான். பால் பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சினான். தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டதும் மோட்டாரை நிறுத்தினான்.

சவரம் செய்தான். பல நாள் தாடி. தாடையில் கொஞ்சம் வெட்டிவிட்டது.

இரண்டு தோசை. தொட்டுக்கொள்ளப் பொடி. இந்த வீட்டில் ஐந்து மாதமாகத் தேங்காய் வாங்குவதில்லை.

சுவரில் இருந்த மனைவி படத்தின் கண்ணாடியைத் துடைத்தான். குங்குமம் வைத்தான். விரலுக்கு இடம் பழகிவிட்டது. பார்க்க வேண்டியதில்லை.

பிறகு போனை எடுத்தான்.

பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் போன். பெட்டியின் மேல் ஒரு பெண் தன்னையே படமெடுத்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்குக் கீழே, முன்பக்கக் கேமரா ஐம்பது மெகாபிக்சல் என்று கொட்டை எழுத்தில்.

போன்களுக்கு மதிப்பெண் போடுவது அவன் வேலை. ஓர் இணைய இதழுக்காக. கம்பெனி அனுப்பி வைக்கும். ஒரு வாரம் பயன்படுத்தி, எழுதிவிட்டு, போனில் இருப்பதை அழித்துத் திருப்பி அனுப்ப வேண்டும்.

பேட்டரிக்கு ஒன்பது போட்டிருந்தான். திரைக்கு ஏழு. ஸ்பீக்கருக்கு ஐந்து, அதுவும் பாவம் பார்த்து.

முன்பக்கக் கேமராவுக்கு எதிரே மட்டும் காலியாக இருந்தது.

இதழிலிருந்து பெனாசிர் கூப்பிட்டாள்.

"அண்ணா, பன்னண்டு மணிக்குள்ள வந்துரும்ல? செல்ஃபி போன்னு சொல்லித்தான் விக்கிறான், அதுக்கு மார்க் இல்லாம போட முடியாது. முகம் வேணும்னா சொல்லுங்க, ஆபீஸ்ல யாரையாவது புடிச்சு எடுத்து அனுப்புறேன். எல்லாம் தூங்கி வழியுற மூஞ்சிதான், ஆனா..."

நிறுத்திக்கொண்டாள்.

"இல்ல, நானே எடுத்துக்கறேன்" என்றான்.

இதற்கு முன் நாற்பத்தொரு போன்கள், கடைசியானது ஐந்து மாதத்துக்கு முன். நாற்பத்தொன்றுக்கும் மனைவியின் முகம்தான்.

எப்போதும் காலை எட்டு மணி வெயில். கிழக்கு ஜன்னல். அழகாக்கிக் காட்டும் வசதிகளை எல்லாம் அணைத்துவிட்டு ஒரே ஒரு செல்ஃபி.

அவள் இடது கன்னத்தில் ஓர் அம்மைத் தழும்பு. உளுத்தம்பருப்பு அளவு.

சில போன்கள் அணைத்த பிறகும் அதை மெழுகிவிடும். அவற்றுக்கு ஐந்துக்கு மேல் கிடையாது. தழும்பின் விளிம்பு வரை காட்டிவிட்டால் எட்டு. கட்டுரையில் அதற்கு 'நுண்விவரம்' என்று பெயர். படித்துவிட்டுப் போன் வாங்கியவர்களுக்கு, எதை அளந்து எட்டு போட்டான் என்பது தெரியாது.

ஜன்னலருகே நின்றான். போனை உயர்த்தினான்.

திரையில் ஒரு மஞ்சள் கட்டம் வந்து அவன் முகத்தில் நின்றது.

இன்னொரு கட்டம் அவன் தோளுக்கு மேல் போய் நின்றது. பின்னால், சுவரில்.

போனுக்கு இரண்டு முகங்கள்.

பிறகு பொத்தானைத் தொட்டான்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். மழித்த மயிர்க்கால்கள் தெரிந்தன. தாடை வெட்டில் காய்ந்த ரத்தம் தெரிந்தது. நகர்த்தினான். சந்தன மாலையின் நார் தெரிந்தது. கண்ணாடியில் அவன் வைத்த குங்குமம் பொடிப்பொடியாகத் தெரிந்தது.

அவள் கன்னம் வழவழவென்று இருந்தது.

ஐந்து என்று எழுதினான். 'சற்றுத் தள்ளியிருக்கும் முகங்களை மெழுகிவிடுகிறது' என்று ஒரு வரியும் சேர்த்தான்.

மதிப்பெண்ணைக் குறைத்தால் ஒருமுறை சரிபார்ப்பது வழக்கம். எழுந்து சுவர்ப் பக்கம் போனான்.

படத்தை நேராகப் பார்த்தான்.

தழும்பு இல்லை.

ஸ்டூடியோக்காரர் ஃப்ரேமைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே ஏதோ சொன்னது நினைவுக்கு வந்தது. "முகத்துல லேசா டச்சப் பண்ணியிருக்கோம் சார், பளிச்சுனு இருக்கும்." அவன் தலையாட்டியிருந்தான்.

ஐந்து மாதம். தினமும் துடைத்திருக்கிறான்.

திரும்பி வந்து அந்த வரியை அழித்தான். ஐந்தையும் அழித்தான். போன் மேல் தவறு இல்லை. இருந்ததைத்தான் காட்டியிருக்கிறது.

கணினியில் பழைய கோப்புறையைத் திறந்தான். கடைசிப் படம், நாற்பத்தொன்று. ஸ்டூடியோவுக்குக் கொடுத்ததும் இதைத்தான்.

வெயில் சரியாக விழுந்திருந்தது. தழும்பு இருந்தது. அதன் விளிம்பு, உள்ளே சின்ன நிழல், எல்லாம் இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்தில் அவள் அக்கா வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். "இவரப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனா."

அவன் மறுக்கவில்லை. அக்காவுக்கு அது தேவையாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே அவளுக்குப் பேச்சு இல்லை. தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது.

அவள் கடைசியாகப் பேசியது இந்த ஜன்னலருகே. அந்தப் படத்தை எடுத்த கையோடு. அவள் அடுப்படிக்குப் போனாள். அவன் எழுந்திருக்கவில்லை, இரண்டு வரி எழுதிவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தான். ஐந்து நிமிடம் இருக்கும், பாத்திரம் விழும் சத்தம் கேட்கும் வரை.

காலிக் கட்டத்தில் எட்டு என்று எழுதினான். அனுப்பினான்.

அன்றைக்கு அவள் படத்தை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தாள். சிரித்தாள். போனை அவன் கையில் திணித்தாள்.

"தழும்பு இருக்குல்ல? அப்ப நான்தான். எட்டப் போட்டுட்டு வந்து தேங்காய உடைச்சுக் குடு."