எந்திரிக்கிற ஊதல்

வாரம் பூரா மலாயாவுல ஈப்போ டவுன்ல குமாஸ்தா, ஞாயித்துக்கெழம மட்டும் சிப்பாய். அதான் சவரிநாதன். வாலண்டியர் பட்டாளத்துல பியூகிள் கொம்பு ஊதுறவன்.

இன்னிக்கு அவன் காலு தரையில படல.

பெரிய சண்டையில செத்த தொரைமாருங்களுக்கு சுங்காய் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்து மேட்டுல ஒரு கல்லு நட்டிருக்கு. சண்ட முடிஞ்ச நாளுல பட்டாளம் வந்து அதுக்கு மரியாத செய்யும். இந்தத் தடவ ஒழுங்கா ஊதிட்டா, ஈப்போ பெரிய பரேட்டுல சவரிதான் ஊதணும்னு கேப்டன் தொரை சொல்லிட்டாரு.

"பூட்ஸ்ல மொகம் தெரியுதுடா சவரி. எம்மொகத்துக்கு நேரா நீட்டாத, பூட்ஸ் பயந்துரும்."

இது ஐயாவு. பட்டாளத்துச் சமையக்காரன். சோத்துல உப்பு கொறஞ்சாலும் வாயில கொறையாது.

"சும்மா இருண்ணே. தப்பா ஊதிருவேனோன்னு இருக்கு. இந்த ஒரு நாளுக்குத்தான் வருசக்கணக்கா ஊதிட்டு இருக்கேன்."

"ரெண்டே ஊதல், அதுக்கென்ன பயம்? மொதல்ல தூங்குன்னு ஊதுவ. கேம்புல ராத்திரி ஊதுவியே, அது. அப்பறம் ரெண்டு நிமிசம் எல்லாரும் வாய மூடிக்கணும். அப்பறம் எந்திரின்னு ஊதுவ. காலையில ஊதுறது."

சுத்தி நின்ன தோட்டத்து ஆளுங்க பக்கம் திரும்பிக்கிட்டான்.

"செத்தவன் கல்லு முன்னால நின்னு எந்திரின்னு ஊதுறானுங்க பாத்தீங்களா! அந்த ஊதலுக்கு செத்தவனும் எந்திரிப்பான்லா! எந்திரிச்சு வந்தா சோறு யாரு ஆக்குறது? நான்தானே!"

நேத்து பட்டாளம் வந்து எறங்குனதுலேருந்து லயத்து வீடு பூரா இதையேதான் சொல்லிச் சொல்லி சிரிக்க வச்சான்.

பரேட் ஆரம்பிச்சுது. சவரி மேட்டுல ஏறி கல்லு பக்கத்துல நின்னான். மத்தவங்கல்லாம் கீழ.

மொத ஊதல் ஊதுனான். ரப்பர் மரத்துக்குள்ள போயி அப்படியே கரைஞ்சுது. கேப்டன் தொரை மீசைகூட சிரிச்சுது.

அப்பறம் அந்த ரெண்டு நிமிசம்.

நம்மாளு செத்தா தப்பு அடிப்போம், ஒப்பாரி வைப்போம். அந்தச் சத்தத்துல பேயே ஓடிரும். இங்க மூச்சுச் சத்தம்கூட இல்ல. பேயிக்கு எவ்வளவு தோது!

பனி இன்னும் எறங்காம மரத்துல தொங்குது. ஒரு எல ஆடல.

சரக்.

கல்லுக்குப் பின்னாலேருந்து வந்துச்சு.

சரக்... சரக்...

அங்க இருக்கிறது தோட்டத்து ஆளுங்களப் பொதைக்கிற எடம்.

கீழ நின்ன தோட்டத்துக்காரி மங்களம் தாலியக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டா. மண்ணுக்குள்ளேருந்து யாரோ பெறாண்டுற மாதிரியே இருக்கு. ஓடலாம்னா அசையக் கூடாது, கத்தலாம்னா வாயத் தெறக்கக் கூடாது.

மேட்டுல நின்ன சவரிக்கு மட்டுந்தான் அந்தப் பக்கம் தெரியும். மெல்லக் கண்ண மட்டும் திருப்புனான். மொகம் சாம்பலாப் போச்சு.

ரெண்டு நிமிசம் முடிஞ்சுது. தொரை கைய அசைச்சாரு.

சவரி பியூகிள ஒதட்டுல வச்சான்.

சத்தம் வரல.

தொரை மறுபடியும் கைய அசைச்சாரு.

சவரி பியூகிளக் கீழ எறக்கிட்டான்.

"ஊது, மேன்!"

"முடியல சார்."

"ஏன்?"

"ஒதடு வெடிச்சிருச்சு சார்."

ஒதடு நல்லாத்தான் இருந்துச்சு. தொரை பாதி மேடு ஏறி வந்து பியூகிள வெடுக்குன்னு புடுங்குனாரு.

"ஈப்போவுக்கு வேற ஆளு. நீ இனிமே இந்தப் பட்டாளத்துக்கே வேணாம்."

சவரி சல்யூட் அடிச்சிட்டு எறங்கி வந்தான். பட்டாளம் கலைஞ்சதுதான் தாமசம், ஐயாவு சட்டியத் தட்டிக்கிட்டே வந்துட்டான்.

"எலி பெறாண்டுனதுக்கு ஊதாம எறங்கிட்டான்யா நம்ம சிப்பாய்! டேய், அந்த ஒரு ஊதல ஊதித் தொலைக்கிறதுக்கு என்ன? சண்டைக்குப் போனா வேட்டிய நனைக்கிற ஆளு நீ!"

எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க.

"இருங்க, அந்தப் பேயப் புடிச்சு வந்து கொழம்பு வைக்கிறேன்"னு ஐயாவு மேட்டுல ஏறுனான்.

சவரி ஓடிப் போயி அவன் கையப் புடிச்சான். "வேணாண்ணே. போவாத."

"அட விடுறா, பயந்தாங்கொள்ளி!"

உதறிட்டு கல்லச் சுத்தி அந்தப் பக்கம் போனான்.

அங்க ராக்காயி மண்டி போட்டு உக்காந்திருந்தா.

அவ மவன் மாயாண்டி, பட்டாளத்துக்குக் கூடாரம் தூக்குற கூலி. போன மாசம் தூக்கிட்டு ஆத்தக் கடக்கும்போது வெள்ளம் அடிச்சிட்டுப் போச்சு. சிப்பாய் இல்லைன்னு அவனுக்குக் கல்லு நடல. இந்தத் தொரைமாருங்க கல்லுக்குப் பின்னாலதான் பொதைச்சிருக்கு.

ராக்காயி ரப்பர் பால் புடிக்கிற மங்குக் கிண்ணத்த வச்சு குழி மேல இருந்த மண்ணச் சொரண்டிக்கிட்டு இருந்தா. பாதி மண்ணு பக்கத்துல குமிஞ்சு கெடக்குது. வெள்ளாவி வச்ச சட்ட ஒண்ணு மடிச்ச மடிப்பு கலையாம இருக்கு. ஒரு குவளையில கோப்பி. ஆவி இன்னும் அடங்கல.

ஐயாவ நிமுந்து பாத்தா.

"வாண்ணே. காலையில பெரட்டுக்கு ஆளக் கூப்புடத் தப்பு அடிச்சாலும் எந்திரிக்க மாட்டான் எம்புள்ள. கேம்புல அந்த ஊதலக் கேட்டா மட்டும் துள்ளி எந்திரிப்பான்னு நீதானே சொல்லுவ? செத்தவனும் எந்திரிப்பான்னு நேத்துகூடச் சொன்னியே. அதான், பாரமா இருக்குமேன்னு மண்ண எடுத்து விட்டேன்."

ஐயாவு கையில இருந்த சட்டியக் கீழ வச்சான்.

ராக்காயி கோப்பிக் குவளைய முந்தானையால மூடுனா.

"இன்னிக்கு ஊதாததுனாலதான் எந்திரிக்கல. இல்லண்ணே?"