புளிக்காத தயிர்

கொட்டாஞ்சேனையில் தயிர் விற்பவர்கள் பலர். ஆனால் தயிருக்காக முகம் கொடுத்துக் கதைக்காமல் இருப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் பேர்னாட். மற்றவர் அதே வீதியில் எதிர்ப்பக்கம் கடை வைத்திருக்கும் டெரிக்.

பேர்னாட்டின் கடைக்குத் தயிர் போடுவது அவர் மனைவி புளோறன்ஸ். எருமைப்பாலைக் காய்ச்சி ஆறவைத்து, முதல்நாள் தயிரில் எடுத்து வைத்த உறைமோரில் ஒரு கரண்டி விட்டு, மண்சட்டிகளில் ஊற்றி மூடிவிடுவார். ருசி அபாரம். ஆனால் கொழும்பு வெக்கைக்கு மறுநாள் பின்னேரமே புளிக்கத் தொடங்கிவிடும்.

டெரிக்கின் தயிரோ கிழமைக் கணக்கில் வைத்தாலும் புளிக்காது. கத்தியால் வெட்டினால் கேக் மாதிரித் துண்டு விழும். அதைச் சொல்லிச் சொல்லியே அவர் பேர்னாட்டின் வாடிக்கையாளர்களில் பாதிப் பேரை வீதியின் அந்தப் பக்கம் இழுத்துவிட்டார்.

இந்த நிலையில்தான் வெள்ளவத்தையில் புதிதாகத் திறந்த ஹோட்டலின் மனேஜர் தனஞ்சயன் இருவரையும் கூப்பிட்டார். தினமும் நூறு சட்டி தயிர் தேவையாம்.

"வயித்துக்கு நல்ல தயிர் வேணும். ஆளுக்கொரு சட்டி தாங்கோ, லாப்புக்கு அனுப்புறன். ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் ஓடர்" என்றார்.

பேர்னாட் அங்கேயே மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார். இந்த ஓடர் கைவிட்டுப் போனால் கடையை மூடிவிட்டுப் பழையபடி துறைமுக வேலைக்குப் போக வேண்டியதுதான். புளோறன்ஸ் பாவம், நூறு சட்டியை வீட்டில் எங்கே அடுக்குவது என்று கட்டிலை நகர்த்தி இடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த லாப்பில் ரெலிபோனுக்குப் பதில் சொல்லும் வேலையில் இருந்தவன் புளோறன்ஸின் தம்பி கிறிஸ்ரி. அவன்தான் இரகசியமாக அழைத்தான்.

"அத்தான், விசயம் பிழைச்சுப்போச்சு. உங்கட தட்டு முழுக்கக் கிருமி! டெரிக்கின்ர தட்டு கண்ணாடி மாதிரிக் கிளீன்."

"என்னடா தட்டு?"

"கடற்பாசி காய்ச்சி ஊத்தின தட்டு அத்தான். கிருமி திண்டு வளர அதுக்குள்ள எல்லாச் சாப்பாடும் போட்டிருக்கு. அதில உங்கட தயிர்ல கொஞ்சத்தைப் பூசி, சூட்டுப் பெட்டிக்குள்ள வைச்சவை. இப்ப வெள்ளை வெள்ளையாப் பொரிஞ்சு கிடக்கு. எனக்கெண்டா இனி அக்காவின்ர தயிர் வேண்டாம் சாமி."

நோன்பு காலத்தில் பக்கத்து வீட்டு மர்ஸூக் அனுப்பும் கடற்பாசி இனிப்பைப் பேர்னாட் சப்புக்கொட்டித் தின்றிருக்கிறார். அதே கடற்பாசி தன் பிழைப்பில் மண் போடும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

மறுநாள் மத்தியானம், மச்சானுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுவந்த பாசமுள்ள அத்தானாக அவர் லாப்புக்குள் நுழைந்தார். கிருமிப் பரிசோதனைக்குப் பொறுப்பான ஹம்சிகா சாப்பிடப் போயிருந்தார்.

"கெதியா அத்தான்! பிடிபட்டா என்ர வேலை போயிரும்" என்று கிறிஸ்ரி வாசலில் காவல் நின்றான்.

சூட்டுப் பெட்டிக்குள் இரண்டு தட்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பேர்னாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய தட்டில், ரவையைக் கொட்டியதுபோல வெள்ளைப் புள்ளிகள். டெரிக்கின் தட்டில் தூசி துரும்பு இல்லை. அட, பாவி மனுசா, எப்படித்தான் செய்கிறாயோ!

"மாதாவே, இந்த ஒருக்கா மட்டும் அங்கால பாரும்" என்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, பேர்னாட் இரண்டு ஸ்டிக்கரையும் பக்குவமாக உரித்து மாற்றி ஒட்டினார்.

வெளியே வந்து கிறிஸ்ரிக்கு ஃபலூடா வாங்கிக் கொடுத்தார். பின்னேரம் கடையிலிருந்து டெரிக்கைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். பல வருடங்களுக்குப் பிறகு கிடைத்த சிரிப்பு என்பதால் டெரிக் பயந்தே போனார்.

வெள்ளிக்கிழமை தனஞ்சயன் இருவரையும் ஹோட்டலுக்கு அழைத்தார். பேர்னாட் கல்யாணக் கோட்டைத் தூசி தட்டிப் போட்டுக்கொண்டு போனார். மேசையில் இரண்டு தட்டுகளுடன் ஹம்சிகா உட்கார்ந்திருந்தார்.

"இது மிஸ்டர் பேர்னாட்டின்ர. இதில ஒண்டுமே வளரேல்லை" என்று ஹம்சிகா தட்டைத் தூக்கிக் காட்டினார்.

பேர்னாட் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப இது தயிரே இல்லை. பால்மாவில ஜெலட்டினைப் போட்டு இறுக வைச்சிருக்க வேணும். பாலைத் தயிராக்கிறதே கிருமிதானே, அது உயிரோட இருக்கோ எண்டு பாக்கத்தான் இந்த டெஸ்ட். மிஸ்டர் டெரிக்கின்ர தட்டைப் பாருங்கோ, என்ன வளர்த்தி! இப்பிடி ஒரு தயிரை நான் இண்டைக்குத்தான் காணுறன்."

"உங்களிட்ட இதை நான் எதிர்பார்க்கேல்லை, மிஸ்டர் பேர்னாட்" என்ற தனஞ்சயன், எழுந்து டெரிக்கின் கையைக் குலுக்கினார்.

பேர்னாட் வாயைத் திறந்தார். உண்மையைச் சொன்னால் பொலிஸ் வரும், கிறிஸ்ரியின் வேலை போகும், வீட்டில் புளோறன்ஸ் கேள்வி கேட்பார். கடைசியை நினைத்ததும் வாயை மூடிக்கொண்டார்.

டிக்கெட் எடுக்காமலே லொத்தர் விழுந்தவர் மாதிரி முழித்துக்கொண்டிருந்த டெரிக், படியிறங்கும்போது ஓடிவந்து பேர்னாட்டின் தோளில் கை போட்டார்.

"மச்சான், கோவிக்காத, உன்ர மனிசியிட்டச் சொல்லி எனக்கு ஒரு கரண்டி உறைமோர் வாங்கித் தா, நான் இதுவரைக்கும் அதைப் போட்டதே இல்லை!"