வெடி இல்லாத சாவு

"வெடியை இறக்காதீங்க. அப்படியே திருப்பிக் கொண்டு போயிடுங்க."

மணிபாரதி சொன்னதைக் கேட்டு வெடிக்காரர் மட்டுமல்ல, நெரவியில் அந்தத் தெருவே திகைத்து நின்றது.

உள்ளே கிடத்தியிருந்தது அவனைப் பெற்ற அப்பா சுப்ராயனை. ஊரில் யார் செத்தாலும் சரவெடியைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்த மனிதர். "நான் போறப்ப காரைக்கால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கணும்டா" என்று மகனிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பார்.

"தப்படிக்கிற செட்டாச்சும் வருதா?" என்றார் ஒருவர்.

"அவங்களையும் வர வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"ஏன்டா?"

மணிபாரதி பாடை கட்டுகிற பக்கம் திரும்பினான்.

அம்மா ராசாத்தி தட்டுத் தடுமாறி எழுந்து வந்து அவன் சட்டையைப் பிடித்தாள். "அந்த மனுசன் உங்கிட்ட வேற என்னடா கேட்டாரு? அது ஒண்ணுதானேடா கேட்டாரு."

"வேண்டாம்மா. விடு."

"எதுக்கு வேண்டாம்? அதைச் சொல்லு."

அவன் அவள் கையை மெல்ல விலக்கிவிட்டு நகர்ந்தான். வாடகைக் கார் ஓட்டுகிறவன், அப்பனின் கடைசி வழியிலும் மிச்சம் பிடிக்கிறான் என்று பேச்சு கிளம்பிவிட்டது. சாவு வீட்டில் பேச்சுக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை.

எதிர்வீட்டுச் சோமசேகரன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கோட்டுச்சேரியிலிருந்து துக்கம் விசாரிக்க வந்த அவருடைய சம்பந்தி. சோமசேகரனின் மகள் தாமரைச்செல்விக்கு அடுத்த மாதம் கல்யாணம்.

"பொண்ணைக் காணோமே?" என்றார் சம்பந்தி.

"நிச்சயமான பொண்ணு. எழவு வீட்டுப் பக்கம் வர வேண்டாம்னு உள்ளேயே இருக்கச் சொல்லிட்டேங்க."

"அதுவும் சரிதான். இங்கே என்னங்க இப்படி? உங்க தெருவுல வெடி போட மாட்டாங்களா?"

சோமசேகரன் சட்டென்று எழுந்தார். நாலு பேருக்குக் கேட்கிற குரலில் ஆரம்பித்து, நாற்பது பேருக்குக் கேட்கிற குரலில் முடித்தார்.

"பெத்த அப்பனை இப்படி அனாதைப் பொணமாட்டம் தூக்கிட்டுப் போறியே, நீயெல்லாம் ஒரு புள்ளையா? ஒரு சரம் வெடி போட உனக்கு மனசு வரலியே!"

மணிபாரதி நிமிர்ந்து அவரைப் பார்த்தான். பிறகு குனிந்து தீச்சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

காரைக்கால் வரைக்கும் கேட்க வேண்டிய சுப்ராயன், தெருமுனைக்குக்கூடக் கேட்காமல் போய்ச் சேர்ந்தார்.

"நீங்க கேட்டதுதாங்க நியாயம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார் சம்பந்தி.

சோமசேகரன் சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு மகளின் அறைக்குப் போனார். ஜன்னல் இடுக்கில் எல்லாம் பழைய துணி அடைத்திருந்தது. தாமரைச்செல்வி காதில் பஞ்சோடு படுத்திருந்தாள்.

மூன்று மாதத்துக்கு முன் செல்போன் அலாரம் அடித்ததும் கட்டிலிலிருந்து எழுந்தவள் மயங்கி விழுந்தாள். இன்னொரு நாள் பஸ் ஹாரன். பித்த மயக்கம் என்று எலுமிச்சம்பழச் சாறு கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை விழுந்தபோது மணிபாரதிதான் தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு தஞ்சாவூருக்குப் பறந்தான்.

"இது பித்தமும் இல்லை, பசியும் இல்லை. பிறவியிலேயே இதயத்துல இருக்கிற கோளாறு" என்றார் இதய டாக்டர். "திடீர்னு பெரிய சத்தம் கேட்டா துடிப்பு தாறுமாறா ஓடுது. மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. அதுக்கும் அடங்கலைன்னா தோள் எலும்புக்குக் கீழே ஒரு சின்னக் கருவி வைக்கணும். துடிப்பு தப்பினா அதுவே ஷாக் கொடுத்துச் சரிபண்ணிடும்."

மாத்திரை போட்டும் போன வாரம் விழுந்தாள். கருவியை உடனே வைத்தாக வேண்டும், நாள் கடத்தினால் ஒரு தடவை எழுந்திருக்காமலே போய்விடலாம் என்றார் டாக்டர்.

"தழும்பு வெளியே தெரியுமேங்க. தாலி ஏறட்டும், அப்புறம் வச்சுக்கலாம்" என்றார் சோமசேகரன்.

டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து எழுந்து நின்றாலே அவளுக்குத் தலை சுற்றல். சாவு முடிகிறவரை அவளை வேறு ஊருக்குக் கூட்டிப் போகவும் வழியில்லை. விஷயம் தெரிந்த ஒரே வெளி ஆள் மணிபாரதி. யாரிடமும் மூச்சு விட மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தான்.

"எடுத்துட்டாங்களாப்பா?"

"எடுத்துட்டாங்கம்மா."

தாமரைச்செல்வி பஞ்சை எடுத்தாள். "பஞ்சு வச்சும் கேட்டுச்சு. அந்த அண்ணனை நீங்க திட்டினது."

சோமசேகரன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சம்பந்தி பக்கத்துல இருந்தாரும்மா. நான் பேசாம இருந்தா ஏன்னு யோசிக்க மாட்டாரா? எல்லாம் உன் கல்யாணத்துக்காகத்தான்."

அவள் மெதுவாகக் கேட்டாள். இப்போதெல்லாம் அவளுக்குச் சத்தமாகப் பேசவே பயம்.

"விடியக்காலையில அந்த அண்ணனோட காலைப் பிடிச்சு அழுது வெடியை நிறுத்தினீங்க. தாலி கட்டுறப்ப கெட்டிமேளத்தை யார் காலைப் பிடிச்சு நிறுத்துவீங்கப்பா?"