நடுக்கடலில் ஒரு பிடி சோறு

அப்பா போனதிலிருந்து காகத்துக்கு ஒரு பிடி சோறு வைக்காமல் அம்மா சாப்பிட்டதே இல்லை. நான் வற்புறுத்தி அழைத்துவந்த இந்தச் சின்னச் சுற்றுலாக் கப்பலிலும், மேல்தளக் கம்பியோரம் சோற்றை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். நடுக்கடலில் காகம் ஏது?

“நீ சாப்பிடும்மா. அப்பா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாரு.”

“வருவாரு, பொறு.”

வெயில் சாய்ந்தபோது வெள்ளையாய் ஒரு கடற்பறவை வந்து கம்பியில் உட்கார்ந்தது. அம்மா சட்டென்று எழுந்தாள்.

“ஆளு வெளுத்துட்டாரு பாரு.”

பறவை சோற்றைச் சீந்தவில்லை. அடுத்த மேசைத் தட்டிலிருந்து பொரித்த மீனைக் கவ்விக்கொண்டு பறந்தது. அப்பா முட்டைகூடத் தொடாதவர். நான் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்தேன்.

பறவை புள்ளியாகி மறையும்வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“எனக்கும் அதுல ஒண்ணு கொண்டாரச் சொல்லு.”