நசீர் சார் கேட்ட கேள்வி

"பொய்தான் சார் சொல்லுவேன். நூறு தபா கேட்டாலும் பொய்தான் சொல்லுவேன்!"

பத்தாம் வகுப்பே திரும்பிப் பார்த்தது. எழுந்து நின்ற பாஞ்சாலைக்கு மூச்சு வாங்கியது.

நசீர் சார் மேசை மேலிருந்த தூக்குவாளியை ஓரமாக நகர்த்தினார். நீதிபோதனை வகுப்பில் அவர் கேட்டது இதுதான்: தப்பு செய்யாத ஒருவன் உன் வீட்டில் ஒளிந்திருக்கிறான், தேடி வருகிறவர்களிடம் உண்மையைச் சொல்வாயா?

ஜவ்வாது மலையில், அதுவும் பாஞ்சாலையிடம் கேட்கிற கேள்வியா இது! சந்தனமரம் வெட்டியவன் லாரியோடு திருப்பத்தூர் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்தப் பக்கம் தேனெடுக்கப் போன அவள் அப்பா ராஜாக்கண்ணு மேல் பழி. பயந்து ஓடிய மனுஷன் எங்கே என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பிடிபட்டால் ஃபாரஸ்ட்காரர்கள் தோலை உரித்துவிடுவார்கள்.

"என்ன ஆனாலும் உண்மை பேசறதுதான் கடமைன்னு ஒரு கட்சி இருக்கே?" சார் விடவில்லை.

"அந்தக் கட்சிக்காரங்க அப்பனையா தேடறாங்க?"

"சரி, விளைவுதான் முக்கியம்னா அவனவன் தன் வசதிக்குப் பொய் சொல்வானே. அதுக்கு இன்னா சொல்ற?"

"என் வசதிக்குச் சொன்னா தப்பு. அடுத்தவன் உசுருக்காகச் சொன்னா தப்பில்ல. பாவம் வந்தா வரட்டும், நானே சுமக்கறேன். முட்டை மார்க் வேணாலும் போட்டுக்குங்க!"

சார் திட்டவில்லை. ஏதோ முடிவுக்கு வந்தவர்போல் தலையாட்டினார்.

வாசலில் பூட்ஸ் சத்தம். ஃபாரஸ்ட் கார்டு!

"சார், ராஜாக்கண்ணு இந்தப் பக்கம் வந்தானாம். பார்த்தீங்களா?"

பாஞ்சாலை சாரின் வாயையே பார்த்தாள்.

"இங்க வரலீங்க. அமிர்திக் காட்டுப் பக்கம் போனதைப் பார்த்தேன்."

"ரம்ஜான் நோன்புல இருக்கறவரு. உங்க வாயில பொய் வராது சார்." கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார் கார்டு.

பாஞ்சாலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உண்மை, கடமை என்று பேசிப்பேசி அப்பாவைக் காட்டிக் கொடுத்துவிட்டாரே, பாவி!

மணியடித்து எல்லாரும் போனதும் சார் அவளிடம் தூக்குவாளியை நீட்டினார். உள்ளே சாமைச்சோறும் குழம்பும்.

"எச்சிலக்கூட முழுங்காம நோன்பு இருக்கறவருக்கு இது எதுக்கு?" வெடுக்கென்று கேட்டாள்.

"எனக்கில்லம்மா." சார் குரலைத் தாழ்த்தினார். "நோன்பு நாள்ல பகல்ல என் வூட்டு அடுப்பு எரிஞ்சா சந்தேகம் வரும்னு வெளியில வாங்கி வந்தேன். கார்டு வந்தா இன்னா சொல்றதுன்னு விடிய விடிய யோசிச்சும் தெரியல, அதான் உன்னைக் கேட்டேன். ஓடு, என் வூட்டுப் பரண்ல உங்கப்பா பசியோட இருக்காரு."